பர்மனெண்ட் ஆன காற்று

மரகதம் மில் பூப்பந்து டீமில் அஞ்சு பேர் என்று எவனாவது சொன்னால் அவன் அந்த டீம் ஆடி ஒரு நாளும் பார்க்காதவன். ஆறு பேர். அஞ்சு பேருக்குக் கையும் காலும் பனியனும் உண்டு, ஆறாவது ஆளுக்கு அதெல்லாம் கிடையாது, ஏனென்றால் அது காற்று. இதைச் சொன்னால் இன்றைக்கு உடுமலைப் பக்கத்திலேயே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நமக்கென்ன வந்தது. அறுபதுகளில் அந்த மில்லின் லைன் வீடுகளில் குடியிருந்த யாரைக் கேட்டாலும், "அட, அதுங்களா, எங்க வரிசையில கடைசி வீட்டுல இருந்துச்சுங்க, நெம்ப நல்ல புள்ளைங்க, கதவை மட்டும் கொஞ்சம் தடால்னு சாத்தும்" என்றுதான் சொல்வார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாசம் காற்று வருவது அந்தப் பக்கத்தில் ஒரு விசேஷமும் இல்லை. கூரையைப் பிய்க்கும், கொடியில் கிடக்கிற சேலையை அடுத்த தோட்டத்தில் கொண்டுபோய்ப் போடும், கண்ணில் மண்ணை வாரிக் கொட்டும், பிறகு புரட்டாசியோடு சோலி முடிந்ததென்று கிழக்கே போய்விடும். பூப்பந்து ஆடுகிறவர்களுக்குத்தான் அது எமன். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக, மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து, ஆட்டமோ வெட்டவெளியில், இங்கே அடித்தால் அங்கே விழும் என்று அந்த மாசங்களில் ஒருத்தனும் சத்தியம் பண்ண முடியாது. டீம் கேப்டன் சென்னியப்பன் வலைக்குப் பின்னால் நின்று மட்டையை ஓங்குகிறபோதெல்லாம் ஆடிக் காற்றை வாயில் வந்தபடி ஏசிக்கொண்டேதான் அடிப்பான்.

அப்படி ஏசிக்கொண்டு ஒரு சாயங்காலம் அவன் அடித்த பந்து பின்கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே போனது, போன பந்து நடுவானத்தில் நின்று யோசித்தது, பிறகு யாரோ கையால் தள்ளிவிட்டதுபோல் திரும்பிவந்து கோட்டுக்குள்ளே விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்த பந்தை எதிர்ப்பக்கத்து ஆள் நன்றாகத்தான் தூக்கிக் கொடுத்தான், அது சென்னியப்பனின் தோளுயரத்துக்கு வந்து, அடி என்று சொல்லிக்கொண்டு நின்றது. முன்னால் ஆடுகிற நாச்சிமுத்து, எதற்கும் அசராத பயல், மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான்:

"அண்ணா, இது நம்ம கட்சிங்க."

பக்கம் மாற்றி நின்று பார்த்தார்கள். காற்றும் பக்கம் மாறி இவர்களோடு வந்து நின்றது. அதற்குமேல் அதில் ஆராய என்ன இருக்கிறது? ஆட்டம் முடிந்ததும் அஞ்சு பேரும் டீக்கடைக்குப் போனார்கள், காற்றும் கூடவே போனது, ஆறு டீ சொன்னார்கள், ஆறாவது டம்ளரில் டீ தானாக ஆறி ஆடை கட்டியது, கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பிக்குச் சக்கரை போதுமா?" என்று கேட்டார்.

புரட்டாசி முடிந்து மற்ற காற்றெல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிழக்கே போனபோது இது மட்டும் போகவில்லை. ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. எங்கே தங்க வைப்பது என்ற பேச்சு வந்தது, லைனில் கடைசி வீடு காலியாகக் கிடந்தது, பெண்கள் அதைக் கூட்டி, சாணி போட்டு மெழுகி, ஜன்னலுக்கு எதிரே ஒரு பாயையும் விரித்து வைத்தார்கள். முதல் வாரம் தொந்தரவுதான், பொய் சொல்லக்கூடாது. காலையில் போட்ட கோலத்தை எல்லாம் இது வருகிற வேகத்தில் அழித்தது, அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்ச் சோற்றில் போட்டது. சென்னியப்பன் பெண்சாதி மயிலாத்தா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று, "ஏன் கண்ணு, மொகப்பு வழியாத்தான் வரோணுமா? கொல்லைப்பக்கமா வந்தா வேண்டாங்குதா?" என்று ஒரு தடவை கேட்டாள். மறுநாளிலிருந்து அது கொல்லைப்பக்கமாக வந்தது. வடகம் பிழிந்தால் மதியத்துக்குள் காயவைத்துக் கொடுத்தது, தொட்டிலில் அழுகிற பிள்ளையைத் தாய் வருகிறவரை ஆட்டிக்கொண்டிருந்தது, மாகாளியம்மன் கோயிலில் விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டவன் மாதிரி வெளியிலேயே நின்றது. மில்லில் இரண்டு சங்கம் இருந்தது, இரண்டுக்கும் இரண்டு கொடிக்கம்பம், எந்தக் கொடியை அசைக்கிறதோ அந்தச் சங்கத்து ஆளென்று இரண்டு தலைவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இரண்டு கொடியையும் ஒரே அளவுக்கு அசைத்துவிட்டு ஆடப் போய்விட்டது. பிழைக்கத் தெரிந்த காற்று என்று ஊரே மெச்சிக்கொண்டது.

அந்த வருஷம் மரகதம் மில் யாரிடமும் தோற்கவில்லை. திண்டுக்கல்லில் ஜெயித்தார்கள், மதுரையில் ஜெயித்தார்கள், சேலத்தில் எதிர் டீம்காரன் பந்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றே தோற்றான். பஸ்ஸில் போகும்போது காற்று ஜன்னலோடு ஒட்டிக்கொண்டே வரும், வழியில் பஸ் நின்றாலும் இவர்கள் தலைமுடி மட்டும் பறந்துகொண்டிருக்கும். ஒரு ஊரில் எதிராளிகள் அம்பயரிடம் முறையிட்டார்கள், ஆறு பேர் ஆடுகிறார்கள் என்று. அம்பயர் வானத்தை ஒரு பார்வை பார்த்தார். "பனியன் இல்லாதவனை ஆட்டக்காரன்னு எப்படிச் சொல்றது? பிடிச்சு வெளியே நிறுத்த உங்களால முடியும்னா நிறுத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லல" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

மண்டலக் கோப்பையும் வந்து சேர்ந்த பிறகு மில் முற்றத்தில் பந்தல் போட்டுப் பாராட்டு விழா வைத்தார்கள். முதலாளியே வந்தார். அஞ்சு பேருக்கும் மாலை போட்டார், ஆறாவது மாலையை ஒரு காலி நாற்காலியில் வைத்தார்கள், அது நாற்காலியைவிட்டு எழுந்து மூன்று சுற்றுச் சுற்றியது, கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. முதலாளிக்கு மனசு குளிர்ந்துபோய், "என்ன வேணும் கேளு சென்னியப்பா" என்றார்.

சென்னியப்பன் கேட்டான். அங்கேதான் அந்தப் பாவி மனுஷன் தப்புப் பண்ணினான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வருஷக்கணக்காய்ப் பதிலியாகக் கிடந்தவன் அவன். பதிலி என்றால், எவனாவது வேலைக்கு வராத நாளில் மட்டும் அவனுக்குப் பதிலாய் உள்ளே போகிறவன். இன்றைக்குக் கூப்பிடுவார்களா, கூப்பிட மாட்டார்களா என்று விடியும்போதெல்லாம் மில் கேட்டில் போய் நிற்கிறவன். மட்டையைப் பிடித்த பிறகுதான் மில் அவனைப் பர்மனெண்ட் ஆக்கியது. பர்மனெண்ட் ஆன பிறகுதான் பெண் கொடுத்தார்கள், லைனில் வீடு கொடுத்தார்கள், மளிகைக் கடைக்காரன் வாங்க என்றான். அவனுக்குத் தெரிந்து உலகத்தில் ஒரு உயிருக்குக் கிடைக்கக்கூடிய நல்லது அது ஒன்றுதான். அந்த நல்லதை அவன் தன் சிநேகிதனுக்குக் கேட்டான்.

"இவனைப் பர்மனெண்ட் பண்ணிப்போடுங்க."

முதலாளி சரி என்று தலையாட்டினார், பந்தல் அதிரக் கைதட்டினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், நாச்சிமுத்து அந்த நாற்காலியைத் தூக்கித் தலைக்குமேல் வைத்துக்கொண்டு ஆடினான். வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் மயிலாத்தா கேட்டாள்.

"அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன புள்ள இருக்குது? பர்மனெண்ட்டு வேண்டாமுன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

அவள் சோற்றின்மேல் குழம்பை ஊற்றினாள். அவளுடைய அப்பன் அதே மில்லில் பர்மனெண்ட்டாக இருந்து இருமி இருமிச் செத்தவன்.

பர்மனெண்ட் என்றால் ஷிப்ட் உண்டு. மில்லில் எல்லாரையும் ஆட்டிவைத்தவர் ஸ்பின்னிங் மாஸ்டர் கோதண்டராமன், வேலை செய்யாமல் ஒரு ஈ உள்ளே பறந்தால்கூட அவருக்கு ஆகாது. காற்றை எந்த டிபார்ட்மெண்ட்டில் போடுவது என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, புளோ ரூமில் போட்டார். பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினில் கொட்டி அடிக்கிற இடம் அது. தூசியும் பிசிறும் புகைமாதிரி எழும்பி எதிரே நிற்கிறவன் முகம் தெரியாது. ஷிப்ட் முடிந்து வருகிறவனை மாவு மில்லிலிருந்து வருகிறான் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஜன்னலையெல்லாம் அடைத்து, காற்றை உள்ளே விட்டு, பறக்கிற பஞ்சையெல்லாம் ஒரு மூலைக்குக் கூட்டித் தள்ளச் சொன்னார். தள்ளியது. ஒரு பிசிறு வீணாகவில்லை. சங்கு ஊதினால் போகும், சங்கு ஊதினால் வரும். முதலில் எல்லாருக்கும் பெருமைதான், புளோ ரூம் ஆட்களே, "இவன் வந்தப்பறம் மூஞ்சிக்கு மூஞ்சி தெரியுதுங்க" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

தையிலோ மாசியிலோ ஒரு சாயங்காலம் ஆட்டத்தின் நடுவே நாச்சிமுத்து பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். மஞ்சள் பந்து வெள்ளையாய் இருந்தது. "அண்ணா, பந்துக்கு நரைச்சுப்போச்சுங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. காற்று தொட்ட இடத்திலெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. கொடியில் காய்ந்த துணியில் பஞ்சு, வடகத்தில் பஞ்சு, கோயில் மணியில்கூடப் பஞ்சு. அது ஓடிவரும்போது பாதி வழியில் திக்கி நின்றது, நின்ற இடத்தில் கொஞ்சம் மண் எழும்பி விழுந்தது, மறுபடி எழும்பி விழுந்தது. லைன் வீட்டுப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கும், திங்கட்கிழமை மில்லுக்குள் போய்வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும், அந்த இருமல் எந்த வீட்டில் இல்லை?

மயிலாத்தா சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சி ஆவி பறக்க ஜன்னலில் வைத்தாள், அது அந்த ஆவியைக் குடித்துவிட்டு இன்னும் அதிகமாக இருமியது. சென்னியப்பன் மில் டாக்டரைக் கூட்டிவந்தான். டாக்டர் வெறும் வெளியில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மற்ற எல்லாருக்கும் சொல்வதைத்தான் இதற்கும் சொன்னார்: "ஒண்ணுமில்ல, சாதாரணச் சளி, வேலைக்குப் போகலாம்."

சென்னியப்பன் யாருமில்லாத மத்தியானத்தில் மைதானத்துக்குப் போய் நின்றான். காற்று வந்து காலடியில் கிடந்தது.

"கண்ணு, போயிரு. உன்னைக் கட்டியா வெச்சிருக்குது? கிழக்க போ, உங்க ஆளுக போன பக்கம் போ. கடலுக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டீன்னா எல்லாம் கழண்டுரும்."

அது எழுந்து அவன் வேட்டியை ஒரு தடவை அசைத்தது. அதற்குள் சங்கு ஊதியது. ஊதின உடனே அது அவனை விட்டுவிட்டு, பஞ்சைச் சிந்திக்கொண்டு, மில்லைப் பார்த்து ஓடியது. அதையும் என்ன சொல்ல? லைன் வீட்டில் குடியிருந்த காற்றுதானே. நேரத்துக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும், வேலை போனால் வீடு போய்விடும் என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்த வரிசையில் பேசுகிற பேச்செல்லாம் அதன் காதிலும்தானே விழுந்தது. வந்த புதிதில் அதற்கு ஆட்டம் மட்டும்தான் தெரியும், பயத்தை இவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். சென்னியப்பன் அன்றைக்கு அந்த மைதானத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். நான்தான் இதைக் கொன்றேன், என் வாயால் கேட்டுக் கொன்றேன் என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

பிறகு மாஸ்டரிடம் போனான்.

"அதைப் புளோ ரூம்லிருந்து எடுத்துப்போடுங்க சார். இல்லீன்னா வேலையை விட்டே அனுப்பிச்சுருங்க."

"பர்மனெண்ட் ஆளை எப்படிடா அனுப்பறது? நீதானே கேட்ட?" மாஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை. "இங்க பாரு, உங்களுக்கெல்லாம் இங்க என்ன வேலைன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆட்டத்துக்காகத்தான் வேலை. வைகாசியில கோயமுத்தூர்ல ஃபைனல். கப்பு வந்தா ஆறு பேரும் இருப்பீங்க, அது புளோ ரூம்லதான் இருக்கும். கப்பு வரல, ஆறு பேரும் வெளிய. முதலாளி உத்தரவு. போ."

அவ்வளவுதான். மாஸ்டர் பயமுறுத்துவதாக நினைத்துக்கொண்டு சென்னியப்பன் கையில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டார். தோற்றால் காற்று வெளியே வந்துவிடும். ஆனால் அந்தச் சாவியைப் போட்டால் திறக்கிற கதவு ஒன்றல்ல. நாச்சிமுத்துவுக்குப் பூசாரிபட்டியில் பெண் பார்த்துப் பூ வைத்திருந்தார்கள், மில்லில் பர்மனெண்ட் என்பதற்காகவே ஒத்துக்கொண்ட வீடு. மற்ற மூன்று பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். மயிலாத்தாவுக்கு ஆறு மாசம். இதையெல்லாம் விடுங்கள், அந்தக் கப்பு இருக்கிறதே, தென்னாட்டு சாம்பியன் கப்பு, அதை ஒரு நாளாவது தூக்கிப் பிடிக்கவேண்டும் என்று பதிலியாய் நின்ற காலத்திலிருந்து ஏங்கினவன் அவன். யாரிடமும் சொல்லாமல் அந்த ஆசையையும் சேர்த்துத்தான் அவன் சுமந்துகொண்டு திரிந்தான்.

ஃபைனலுக்குக் கிளம்பின காலையில் கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டே மயிலாத்தா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னமோ மனசுல வெச்சிருக்கறீங்க. சொல்லுங்க."

சொன்னான். அவள் முடிச்சை இறுக்கிப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

"அஞ்சு வீட்டு அடுப்புங்க அது" என்றாள். பிறகு, "எங்கப்பன் கடைசியில, சன்னலைத் தெற, சன்னலைத் தெறன்னு கத்திக்கிட்டுத்தான் செத்துச்சு. தெறந்துதான் இருந்துச்சு" என்றாள். சோற்றுப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள்.

கோயமுத்தூர் மைதானத்தில் அன்றைக்கு எள் போட்டால் கீழே விழாது. லைன் வீட்டுச் சனமே மூன்று லாரியில் வந்திறங்கியிருந்தது. எதிரே ஆந்திராக்காரர்கள், அஞ்சும் மலைமாதிரி ஆட்கள், முதல் ஆட்டத்தை அவர்கள் எடுத்தார்கள், இரண்டாவதை மரகதம் மில் எடுத்தது, மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு பக்கமும் மாறிமாறி ஏறிக் கடைசியில் இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு என்று வந்து நின்றது. இன்னும் ஒரே புள்ளி, அதை எடுக்கிறவன் சாம்பியன். காற்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடியது. கோட்டுக்கு வெளியே போன பந்தையெல்லாம் விழுந்தடித்து ஓடி உள்ளே கொண்டுவந்தது, கொண்டுவந்து போட்டுவிட்டுத் திக்கித் திக்கி நின்றது, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் மடியெல்லாம் பஞ்சு. பார்க்கச் சகிக்கவில்லை. அதற்கும் வேலை போய்விடக் கூடாதே.

சென்னியப்பன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டான். வெளியே அடித்துத் தோற்க முடியாது. எவ்வளவு தூரம் வெளியே அடித்தாலும் இது உயிரைக் கொடுத்தாவது அந்தப் பந்தை உள்ளே கொண்டுவந்துவிடும். கொண்டுவரும்போதே செத்தாலும் செத்துவிடும். காற்று கைவைக்க முடியாத இடம் ஒன்றுதான் இருக்கிறது, அது வலை.

கடைசிப் பந்து வந்தது. ஆந்திராக்காரன் வலையோரமாய்ப் போட்டு அடித்தான், நாச்சிமுத்து மண்ணில் விழுந்து அதை எடுத்தான், திரும்பவும் வந்ததைப் பின்னால் நின்றவன் தூக்கினான், எதிராளி தடுமாறி உயரமாய்த் திருப்பிக் கொடுத்தான். அது வானத்தில் ஏறி இறங்குகிறபோது காற்று எழுந்து போய் அதை இரண்டு கையாலும் வாங்கினமாதிரி வாங்கி, சென்னியப்பனின் தோளுயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. லைன் வீட்டில் ஆடுகிற எந்தக் குழந்தையும் அடிக்கிற பந்து அது. லைன் சனம் அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து கத்திவிட்டது. சென்னியப்பன் மட்டையை ஓங்கினான், ஐயோ என்று அவனுக்குள்ளே ஒருத்தன் அலறினான், மணிக்கட்டைக் கடைசியில் ஒரு மடி மடித்துக் கீழே இறக்கினான். பந்து வலையில் போய்ச் சொருகிக்கொண்டு நின்றது.

ஆந்திராக்காரர்கள் ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். லைன் சனம் எழுந்தது எழுந்தபடி வலையையே பார்த்தது. காற்று வலையிடம் போனது, பந்தைச் சுற்றி வந்தது, வலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தது. சென்னியப்பன் அத்தனை சனத்தின் நடுவிலும் சத்தமாகவே சொன்னான்.

"தோத்தாச்சு சாமி. உனக்கு வேலை போயிருச்சு. இனிமே நீ அங்க போகவேண்டாம். போ."

அது அசையாமல் நின்றது. பிறகு மைதானத்தின் ஓரத்து அசோகமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிழக்கே சாய்ந்து நிமிர்ந்தன, அதற்கப்பால் தென்னைகள், அதற்கப்பால் கண்ணுக்கெட்டாத தூரத்துப் பனைகள். போய்விட்டது. சென்னியப்பன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, தோற்ற துக்கமும் அது பிழைத்துப்போயிற்றே என்ற ஆறுதலும் ஒன்றாய்ச் சேர்ந்துகொள்ள, சின்னப்பிள்ளைமாதிரி விசும்பினான். பார்த்தவர்கள் தோற்றதற்காக அழுகிறான் என்று நினைத்தார்கள்.

நாச்சிமுத்து அப்படி நினைக்கவில்லை. முன்னாட்டக்காரன் அவன், வலையோரம் நின்று அந்த மணிக்கட்டு மடிந்ததைத் திரும்பிப் பார்த்தவன். திரும்பி வருகிற பஸ்ஸில், ஜன்னல் திறந்திருந்தும் ஒரு முடி அசையாத புழுக்கத்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேணுமின்னே அடிச்சீங்க."

"ஆமாப்பா."

"அந்தக் காத்துக்கு நெஞ்சு நோகுமின்னு பாத்தீங்க. எனக்கு வயிறு இருக்குதுன்னு பாக்கலியேங்க."

நாச்சிமுத்து எழுந்து போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான், அதன் பிறகு சென்னியப்பனை அண்ணா என்று கூப்பிடவில்லை.

மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். ஆறு பேரும் வெளியே. இரண்டு சங்கங்களும் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாய், ஆட்டத்தில் வந்த வேலை ஆட்டத்தில் போய்விட்டது, நாங்கள் என்ன பண்ணுவது என்று கைவிரித்தன. பூசாரிபட்டியிலிருந்து வைத்த பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். லைன் வீட்டைக் காலிபண்ணி, சென்னியப்பனும் மயிலாத்தாவும் ஊருக்கு வெளியே ஒரு ஓலைச் சாளையில் குடிபுகுந்தார்கள். தெருவில் எதிரே வந்தவர்கள் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாச்சிமுத்து சொல்லியிருந்தான், எப்படிச் சொல்லாமல் இருப்பான்? தண்ணிக்குப் போன இடத்தில் பெண்கள் மயிலாத்தாவிடம், "காத்துக்குப் பொறந்தவனா உன் புருஷன்?" என்று கேட்டார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். வந்து அவனிடம் சொல்லவில்லை, ஆனாலும் அவனுக்குத் தெரிந்தது. அத்தனையையும் அவன் தாங்கிக்கொண்டதற்கு ஒரே ஒரு நினைப்புதான். இந்நேரம் அது கடலுக்குப் போயிருக்கும், உப்புத்தண்ணியில் விழுந்து புரண்டு, ஒட்டின பஞ்செல்லாம் கழன்று, பழையபடி எங்கேயாவது சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று நினைப்பான். நினைத்துவிட்டு, "போயிருக்கும் புள்ள" என்பான். "போயிருக்குமுங்க" என்பாள் அவள்.

கையில் இருந்ததெல்லாம் தீர்ந்த ஒரு நாள், வேறு போக்கில்லாமல், விடிவதற்கு முன்னே எழுந்து சென்னியப்பன் மில் கேட்டுக்குப் போனான். பதிலி வேலைக்கு ஆள் எடுக்கிற நேரம். முப்பது நாற்பது பேர் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள், நாச்சிமுத்துவும் ஒரு ஓரத்தில் நின்றான், இவனைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தான். டைம்கீப்பர் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு பெயர் சொல்லாமல் விரலால் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பின்னிங்குக்கு இரண்டு பேர். நாச்சிமுத்து உள்ளே போனான். ரீலிங்குக்கு ஒருத்தன். கூட்டம் கரைந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் சென்னியப்பனின் பின்கழுத்தில் ஏதோ பட்டது. சில்லென்று இல்லை, சூடாக, பிசுபிசுவென்று, ஒரு இருமலோடு. திரும்பிப் பார்த்தான். தரையில் கொஞ்சம் மண் எழும்பி விழுந்தது, மறுபடி எழும்பி விழுந்தது. சுற்றிலும் பஞ்சு. கூட்டத்தின் கடைசியில், எல்லாரையும்போல ஒடுங்கி, டைம்கீப்பரின் விரலையே பார்த்துக்கொண்டு அது நின்றது.

"அடப்பாவி" என்றான் சென்னியப்பன். "போகலையா நீ? உனக்காகத்தானேடா" என்று ஆரம்பித்தவன் பாதியில் விட்டுவிட்டு அதன் பக்கம் கையை நீட்டினான். அது அவனைக் கண்டதும் பழைய பாசத்தில் அவன் சட்டையை ஒருமுறை அசைத்தது. அசைத்துவிட்டு முன்னால் நகர்ந்து வரிசையில் இடம் பிடித்தது.

"புளோ ரூமுக்கு ஒரு ஆள்" என்று டைம்கீப்பர் கத்தினார். புளோ ரூம் என்றதும் நின்றவர்கள் எல்லாம் ஒரு அடி பின்னால் வைத்தார்கள். காற்று மட்டும் எழுந்தது. டைம்கீப்பர் அதைப் பார்த்து முகம் மலர்ந்து, "அட, நீ வந்துட்டியா, வா வா" என்று விரலை நீட்டினார்.

சென்னியப்பன் ஓடினான். வாழ்நாளில் எந்த மைதானத்திலும் அவன் அப்படி ஓடினதில்லை. நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, விழுந்து எழுந்து, காற்றுக்கு ஒரு சாண் முன்னால் போய்க் கேட்டுக் கம்பியைப் பிடித்தான்.

"நான் போறனுங்க. நானுங்க. புளோ ரூமுக்கு நானுங்க."

டைம்கீப்பர் அவனை ஏற இறங்கப் பார்த்தார், தோற்ற கேப்டன் என்று தெரிந்தும் அன்றைக்கு என்ன நினைத்தாரோ, "சரி, வந்து தொலை" என்று கேட்டை ஒருக்களித்துத் திறந்தார். அவன் உள்ளே போனதும் கேட்டைச் சாத்தினார். வெளியே அது கேட்டை இரண்டு தடவை ஆட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை ஆட்டியது. "இன்னிக்கு அவ்வளவுதான் போ" என்று டைம்கீப்பர் அதட்டினார்.

புளோ ரூமில் சென்னியப்பன் முதல் பொதியின் கயிற்றை அறுத்தான், தூசி எழும்பி அவன் மூக்கிலும் வாயிலும் நிறைந்தது, துண்டை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டு அடுத்த பொதிக்கு நகர்ந்தான். இங்கே நான் இருக்கிறவரை அதை உள்ளே விடமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியே, கேட்டுக்கு எதிரே, வேலை கிடைக்காதவர்கள் குந்தியிருந்த இடத்தில் காற்றும் குந்தியது, மதிய ஷிப்டுக்கு ஆள் எடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டு.